ஆறும் கல்வியும்

கல்வி இருவகைப்படும். நூலினாலும் ஆசிரியர் வாய்மொழியினாலும் பெறுவது ஒன்று. செய்து பழகிப் பெறுவது மற்றொன்று. முன்னது அறிவுக்கு வாயில். பின்னது அவ்வறிவு நிலைபெறும் இடம். நீந்துதலைப் பற்றி நூறு பக்கம் படித்தவனும் நீரில் இறங்காதவரை நீந்தத் தெரியாதவனே ஆவான். உழவு நூலை மனப்பாடம் செய்தவன் அதனாலேயே உழவன் ஆகிவிடமாட்டான். இவ்வுண்மையை மறுப்பவர் எவரும் இலர். ஆயினும், சுற்றுச்சூழல் என்னும் பாடத்தில் மட்டும் நாடு இதனை மறந்துவிட்டதோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது.

‘நீர் மாசுபடுவதற்குரிய காரணங்கள் ஐந்தினை எழுதுக’ என்று வினாத்தாளில் கேட்டால், மாணவர் பலர் பிழையின்றி விடை எழுதி முழு மதிப்பெண் பெறுகின்றனர். பாலாற்றின் வடகரையில் உள்ள காட்பாடியில் பயிலும் மாணவன் ஒருவனை நோக்கி, ‘உன் தெருவில் ஓடும் கழிவுநீர் எங்கே சென்று சேர்கிறது? உன் வீட்டுக் கிணற்றில் கோடைக்காலத்தில் எத்தனை அடியில் நீர் நிற்கிறது? உன் ஊர் ஏரியில் வாழும் மீன்களுள் நான்கின் பெயர்களைச் சொல்’ என்று கேட்டால், அவன் திகைத்து நிற்பான். அஃது அவன் குற்றமன்று. அவனை அவற்றின் பக்கம் எவரும் அழைத்துச் செல்லவில்லை. அவன் படித்த நீர், தாளில் எழுதப்பட்ட நீர். அவன் ஊரின் நீர் அன்று.

சுற்றுச்சூழலைப் பள்ளிகளில் கற்பிக்க வேண்டும் என்பது புதிய கருத்தன்று. இந்திய உச்ச நீதிமன்றம் 1991ஆம் ஆண்டிலேயே இதனை வலியுறுத்தி ஆணையிட்டது. 2001ஆம் ஆண்டில் நடுவண் அரசு தேசியப் பசுமைப் படை என்னும் திட்டத்தைத் தொடங்கிப் பள்ளிகள்தோறும் சுற்றுச்சூழல் மன்றங்கள் அமைய வழிசெய்தது. பாடநூல்களிலும் இப்பொருள் இடம்பெற்றுள்ளது. இவையெல்லாம் போற்றத்தக்கனவே. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை மரக்கன்று நடுதலும், பேச்சுப் போட்டி நடத்துதலும், பதாகை ஏந்தி ஊர்வலம் வருதலும் கல்வியின் தொடக்கமாகலாமே ஒழிய, கல்வி ஆகிவிடா. நட்ட கன்றுக்கு மறுநாள் நீர் ஊற்றியவர் யார் என்பதே கேள்வி.

ஒவ்வொரு பள்ளியும் தன் ஊரில் நலிந்துபோன ஓர் உயிரையோ ஒரு நீர்நிலையையோ தன் பொறுப்பாக ஏற்றுக்கொள்ள வேண்டும். அதனை மீட்கும் பணியை ஆண்டுதோறும் இடைவிடாது செய்ய வேண்டும். அப்பணியின் வாயிலாகவே மாணவர் சூழலைக் கற்க வேண்டும்; கற்றதனை ஊரார்க்கும் உணர்த்த வேண்டும். இதுவே உண்மையான சுற்றுச்சூழற் கல்வி ஆகும். இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்று சிலர் எண்ணலாம். தொலைநாட்டிலும் தமிழகத்துக் கடற்கரையிலும் இது நடந்திருக்கிறது. அவ்விரண்டையும் முதலிற் கண்டு, பின்னர்ப் பாலாற்றுக்கு வருதல் நன்று.

வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் சால்மன் என்னும் மீன் வாழ்கிறது. அதன் வாழ்க்கை வியக்கத்தக்கது. குளிர்ந்த சிற்றோடையின் கூழாங்கற்களுக்கிடையே முட்டையிலிருந்து அது வெளிவருகிறது. சிலகாலம் அவ்வோடையில் வளர்கிறது. பின்னர் ஆற்றின் வழியே கடலுக்குச் செல்கிறது. கடலில் பல நூறு கல் தொலைவு திரிந்து பருத்தபின், தான் பிறந்த அதே ஓடையைத் தேடி நீரோட்டத்தை எதிர்த்து நீந்தி மீள்கிறது. அங்கே முட்டையிடுகிறது. பசிபிக் கடலைச் சார்ந்த சால்மன் இனங்களிற் பெரும்பாலானவை முட்டையிட்டவுடன் இறந்துபோகின்றன. எண்ணற்ற ஓடைகளுள் தன் ஓடை எது என்பதை அம்மீன் எவ்வாறு அறிகிறது? ஒவ்வோர் ஓடையின் நீருக்கும் தனித்த மணம் உண்டு என்றும், மீன்கள் அதனைப் பிரித்தறிய வல்லவை என்றும் ஆர்தர் ஹாஸ்லர், வாரன் விஸ்பி என்னும் அறிஞர் இருவர் 1951ஆம் ஆண்டில் ஆய்ந்து காட்டினர். பிறந்த மண்ணின் மணத்தை மறவாத மீன் அது.

அத்தகைய மீனும் மனிதர் செயலால் குறைந்துபோயிற்று. அணைகள் அதன் வழியை மறித்தன. காடழிந்ததால் மண் அரித்து வந்து கூழாங்கற்களை மூடிற்று. நகரின் கழிவுகள் ஓடைகளிற் கலந்தன. வாஷிங்டன் மாநிலத்தில் எவரெட் என்னும் நகரில் பிஜன் ஓடை என்ற சிற்றோடை ஒன்று உண்டு. குப்பை கொட்டும் இடமாக மாறிய அவ்வோடையில் சால்மன் வருவது நின்றுபோயிற்று. 1980களில் அருகிலிருந்த ஜாக்சன் தொடக்கப்பள்ளியின் மாணவர் அவ்வோடையைத் தம் பொறுப்பாக ஏற்றனர். ஓடையிற் கிடந்த குப்பையை அகற்றினர். இனிக் குப்பை கொட்ட வேண்டா என்று அண்டை வீட்டாரிடம் எடுத்துச் சொன்னர். வகுப்பறையிலேயே கண்ணாடித் தொட்டி வைத்து, அதில் சால்மன் முட்டைகளைப் பொரிக்கச் செய்து, குஞ்சுகளை வளர்த்து ஓடையில் விட்டனர். விட்ட குஞ்சுகள் மீளுமா என்று ஐயுற்றவர் பலர். சில ஆண்டுகளில் சால்மன் அவ்வோடைக்குத் திரும்பிற்று. இவ்வரலாறு 1992ஆம் ஆண்டில் நூலாகவும் வெளிவந்தது.

இந்நிகழ்ச்சியில் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. மீனை வளர்க்கப் புகுந்த அப்பிள்ளைகள் மீனை மட்டும் கற்கவில்லை. மீனுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும் என்று அறிந்தபோது, கரையில் நிழல்மரம் வேண்டும் என்பதையும் அறிந்தனர். நீரிற் கரைந்துள்ள உயிர்வளியின் அளவை அறிந்தபோது வேதியியலைக் கற்றனர். எண்ணெயையும் சோப்பு நீரையும் தெருவில் ஊற்றினால் அவை மழைநீர்க் கால்வாய் வழியாக ஓடையை அடையும் என்று அறிந்தபோது நகர அமைப்பைக் கற்றனர். அண்டை வீட்டாரிடம் சென்று பேசியபோது குடிமைப் பண்பைக் கற்றனர். ஒரு மீனைப் பின்பற்றிச் சென்றவர் ஓர் ஊரையே கற்றுவிட்டனர். பாடம் பாடமாகப் பிரித்து வைத்த அறிவு ஓடைக்கரையில் ஒன்றுகூடிற்று.

தமிழ்நாட்டு ஆறுகளில் சால்மன் இல்லை. ஆனால் பிறந்த இடத்தை நாடி மீளும் உயிர் தமிழகக் கடற்கரைக்கும் வருகிறது. அதுவே பங்குனி ஆமை. சனவரி முதல் மார்ச்சு, ஏப்பிரல் வரை இரவு நேரத்தில் அது கரையேறுகிறது. மணலிற் குழி பறித்து நூறு முட்டைகளுக்கு மேலும் இடுகிறது. குழியை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. ஏறத்தாழ 50 நாள்களில் குஞ்சுகள் வெளிவருகின்றன. இருளில் எப்பக்கம் ஒளி மிகுதியோ அப்பக்கமே கடல் என்று அவை ஊர்ந்து செல்லும். பழங்காலத்தில் இவ்வுணர்வு அவற்றைப் பிழையாது கடலிற் சேர்த்தது. சென்னைப் பெருநகரின் தெருவிளக்குகள் கடலினும் மிகுதியாக ஒளிர்வதால், குஞ்சுகள் கடலை விட்டுச் சாலையை நோக்கிச் சென்று மடியலாயின. நாய்களும் மனிதரும் முட்டைகளைத் தோண்டி எடுத்தமையால் பல கூடுகள் அழிந்தன.

இவ்வழிவைத் தடுக்க 1970களின் தொடக்கத்தில் சென்னையில் இயற்கை ஆர்வலர் சிலர் இரவு நடை மேற்கொண்டு ஆமைக் கூடுகளைக் காக்கத் தொடங்கினர். 1988ஆம் ஆண்டில் மாணவர் அப்பணியைத் தம் கையில் எடுத்துக்கொண்டனர். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு என்னும் பெயரால் அவர்கள் ஒன்றுகூடினர். ஆமை வரும் பருவத்தில், ஊர் உறங்கும் நேரத்தில், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கடற்கரை மணலில் நடந்து ஆமையின் தடத்தைத் தேடுகின்றனர். கூட்டைக் கண்டால் முட்டைகளை எச்சரிக்கையாக எடுத்து, அதே ஆழத்தில், காவலுள்ள பொரிப்பகத்திற் புதைக்கின்றனர். குஞ்சுகள் வெளிவந்ததும் கடலில் விடுகின்றனர். ஒவ்வொரு கூட்டின் நாளும் இடமும் முட்டையின் எண்ணிக்கையும் குறிப்பேட்டில் ஏறுகின்றன. பொதுமக்களையும் தம்முடன் நடக்க அழைத்து, ஆமையின் வரலாற்றைக் கூறுகின்றனர். ஒரு தலைமுறை மாணவர் படிப்பை முடித்துச் சென்றால், அடுத்த தலைமுறையினர் வந்து அப்பணியைத் தொடர்கின்றனர்.

இம்மாணவர் பெறும் பயிற்சியில் மூன்று நலன்கள் அடங்கியுள்ளன. முதலாவது பொறுமை. இரவு முழுதும் நடந்தும் ஒரு தடமும் காணாத நாள்கள் உண்டு. கடலில் விட்ட குஞ்சு பத்து ஆண்டுகளுக்கு மேற்கழிந்தே தாயாகி மீளும். இன்று செய்த நன்மையின் பயனை நாளையே காண விரும்பும் அவசர உலகத்தில், பயனை நோக்காது கடமையைச் செய்யும் பண்பை ஆமை கற்பிக்கிறது. இரண்டாவது உண்மை. எண்ணியதை எண்ணியவாறே எழுதுதல், காணாததைக் கண்டதாகக் கூறாமை, பிழைபட்டால் அடித்துத் திருத்திக் கையெழுத்திடுதல் ஆகியவை குறிப்பேட்டால் வரும் பழக்கங்கள். மூன்றாவது பணிவான சொல். உடன் நடப்பவர் வயதிலும் கல்வியிலும் மூத்தவராக இருப்பினும், அவர்க்கு விளங்குமாறு ஒரு செய்தியை எடுத்துரைக்கும் ஆற்றல் மாணவர்க்கு வாய்க்கிறது. ஒருவன் ஒரு பொருளை நன்கு கற்றானா என்பதற்கு, அதனை மற்றொருவர்க்கு அவன் விளக்கிக் காட்டுதலே சான்று.

இனிப் பாலாற்றுக்கு வருவோம். கருநாடகத்து நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து, தமிழகத்தில் வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆர்க்காடு, காஞ்சிபுரம், செங்கற்பட்டு வழியே சென்று வயலூர் அருகே கடலிற் கலப்பது பாலாறு. அதன் நீளம் 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் தமிழகத்தில் உள்ளது. ஆண்டில் பெரும்பகுதி அது மணலாறாகவே தோன்றும். ஆனால் மணலுக்கடியில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்நீரை ஊற்றுக்கால் வெட்டி வயலுக்குக் கொண்டுசென்றனர் பழைய உழவர். கையால் மணலைத் தோண்டினாலே நீர் சுரந்த ஆறு அது. பெருவெள்ளமும் அதற்குப் புதிதன்று. 1903ஆம் ஆண்டு நவம்பரில் வந்த வெள்ளம் வாணியம்பாடியை அழித்தது. 2021ஆம் ஆண்டு நவம்பரிலும் கரைபுரண்ட வெள்ளம் ஓடிற்று. ஆறு இறந்துவிட்டது என்று கூறியோர்க்கு, தான் இறக்கவில்லை என்று அவ்வாறு தானே கூறியதுபோல் அவ்வெள்ளம் அமைந்தது.

அவ்வாற்றங்கரையில் வளர்ந்த பெருந்தொழில் தோல் பதனிடுதல். முற்காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதப்படுத்தினர். 1970களில், அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்தல் ஆகாது, முழுமையாக்கிய தோலும் தோற்பொருள்களுமே செல்ல வேண்டும் என்று அரசு கொள்கை வகுத்தது. அதனால் வேலையும் வருவாயும் பெருகின. அதனோடு குரோமியம் முதலிய வேதிப்பொருள்களின் பயனும் பெருகிற்று. தோல் கெடாதிருக்க இடும் உப்பும், பதனிடும் வேதிப்பொருளும் கழிவுநீரோடு கலந்து நிலத்திலும் ஆற்றிலும் சேர்ந்தன. கிணற்று நீர் உவர்த்தது. தென்னையும் நெல்லும் வாடின.

இக்கொடுமையை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பு வந்தது. ஒரு கிலோகிராம் தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், தோல் தொழில் நடைபெறும் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்று கணக்கிடப்பட்டதென்றும் அத்தீர்ப்பிற் குறிக்கப்பட்டுள்ளன. மாசு செய்தவரே அதன் இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் கொள்கையும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்னும் கொள்கையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு நிலைநாட்டிற்று. உலகெங்கும் சட்டம் பயில்வோர் வேலூரின் பெயரை இத்தீர்ப்பால் அறிவர். அதன்பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. ஆயினும் குறை முற்றும் நீங்கவில்லை. 2025ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்கி, பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு வழங்கவும், மாசு செய்தோரிடம் அதனைப் பெறவும், ஆற்றின் நலத்தைக் கண்காணிக்கவும் ஆணையிட்டது.

உலகம் அறிந்த இத்தீர்ப்பை, அது பிறக்கக் காரணமான ஆற்றின் கரையில் பயிலும் மாணவர் அறியாதிருத்தல் தகுமோ? தம் ஊரின் நீர் உவர்த்த வரலாறும், அதனை எதிர்த்து ஊரார் அறவழியில் வழக்காடி வென்ற வரலாறும் அவர்களுக்குரிய முதற்பாடம் அன்றோ?

பாலாற்றுப் பகுதியிலேயே மீட்புப் பணிக்கு எடுத்துக்காட்டும் உண்டு. வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் ஓடும் நாகநதி நெடுங்காலம் வறண்டு கிடந்தது. 2014ஆம் ஆண்டு முதல், நூறுநாள் வேலைத் திட்டத்தின் வாயிலாக, ஏறத்தாழ 20,000 பெண்கள் அந்நதியை மீட்கும் பணியில் ஈடுபட்டனர். நீரோட்டத்தின் வழியில் கிணறு தோண்டி, உறை இறக்கி, மழைநீர் நிலத்தடிக்குச் செல்லுமாறு செய்தனர். சிறு தடுப்பணைகளும் கட்டினர். ஓடும் நீரை நடக்கச் செய்தல், நடக்கும் நீரை நிற்கச் செய்தல், நிற்கும் நீரை நிலத்துள் இறங்கச் செய்தல் என்பதே அவர்கள் கையாண்ட முறை. நிலத்தடி நீர் உயர்ந்தது. கிணறுகளில் மீண்டும் நீர் ஊறிற்று. பட்டம் பெறாத பெண்கள் ஆற்றுக்கு உயிர் தந்தனர். அவர்களிடம் சென்று பாடங் கேட்பது எப்பள்ளிக்கும் இழுக்காகாது, பெருமையே ஆகும்.

அங்ஙனமாயின், காட்பாடிப் பள்ளி மாணவர் செய்யத்தக்கது யாது? முதலில் ஒரு நீர்நிலையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். காட்பாடியில் கழிஞ்சூர் ஏரியும் தாராபடவேடு ஏரியும் உள்ளன. தமிழில் ஏரி, குளம், கேணி, ஊருணி, கயம், மடு என நீர்நிலைக்கு எத்தனையோ பெயர்கள் உண்டு. உண்பதற்குரிய நீரைத் தருவது ஊருணி. ஆழமிக்க இடம் மடு. ஒவ்வொரு நீர்நிலையையும் அதன் பயன் நோக்கியும் இயல்பு நோக்கியும் பெயரிட்டு அழைத்த மக்கள், நீரை எத்துணைக் கூர்ந்து நோக்கியிருத்தல் வேண்டும்! அப்பார்வையை மீண்டும் பெறுதலே மாணவரின் முதற்பணி. ஏரிக்கு நீர் வரும் வரத்துக்கால் எது, நீர் மிகும்போது வெளியேறும் கலங்கல் எங்கே, அவ்வழியில் அடைப்பு உண்டா என்று நடந்து பார்த்து ஒரு வரைபடம் எழுதுதல் வேண்டும்.

அடுத்தது அளத்தல். திங்களுக்கு ஒருமுறை, குறித்த சில கிணறுகளின் நீர்மட்டத்தைக் கயிறு கொண்டு அளந்து எழுதலாம். நீரிற் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் சிறு கருவி இக்காலத்தில் எளிய விலைக்குக் கிடைக்கிறது. குடிநீரில் கரைந்த பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் அளவில் இருத்தல் வேண்டும் என்றும், வேறு நீர் கிடையாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிறுவனம் வரையறுத்துள்ளது. தன் வீட்டுக் கிணறு இவ்வளவில் எங்கே நிற்கிறது என்று அறிந்த மாணவனுக்கு வேதியியல் வெறும் பாடமாக இராது. ஓராண்டுக் கணக்கு சிறிது பயன் தரும். பத்தாண்டுக் கணக்கு ஊருக்கே சான்றாகும்.

மூன்றாவது உயிர்களை எண்ணுதல். விரால், கெண்டை, கெளுத்தி, ஆரால், அயிரை முதலிய மீன்களுள் இன்று எவை உள்ளன, எவை அருகின என்பதை மீனவரிடமும் ஊர்ப் பெரியோரிடமும் கேட்டு எழுதலாம். ‘அந்நாளில் இவ்வேரியில் என்னென்ன மீன் பிடித்தீர்கள், தாத்தா?’ என்று ஒரு பேரன் கேட்டால், மகிழ்ந்து விடை கூறாத முதியவர் உண்டோ? அவர் கூறும் விடை எந்த நூலிலும் எழுதப்படாத வரலாறு. அவர் மறைந்தால் அதுவும் மறைந்துபோம். சில பூச்சிகளின் இளம்பருவம் தூய நீரில் மட்டுமே வாழும். சில மாசுற்ற நீரிலும் வாழும். அவற்றை இனங்கண்டால் நீரின் தூய்மையை அறியலாம். எவ்வுயிர் மீண்டு வருகிறதோ அவ்வுயிரே அந்நீர்நிலையின் நன்மைக்குச் சான்று. சால்மன் பிஜன் ஓடைக்குச் சொன்ன சான்றை, கழிஞ்சூர் ஏரிக்குக் கெண்டையும் விராலும் சொல்லும்.

நான்காவது ஊரார்க்கு உணர்த்துதல். அளந்தவற்றையும் எண்ணியவற்றையும் பெரிய தாளில் எழுதி, ஆண்டுக்கு இருமுறை ஊர்க் கூட்டத்தில் வைக்க வேண்டும். குற்றம் சாட்டும் தொனியில் அன்று. கண்டதைக் கண்டவாறு கூறும் முறையில். மக்கள் அறிஞர் சொல்லை ஐயுறலாம். அதிகாரிகள் சொல்லை மறுக்கலாம். தம் பிள்ளைகள் தம் கிணற்றை அளந்து சொன்ன சொல்லை எளிதில் தள்ளிவிட மாட்டார்கள்.

இதனை மறுப்போர் சில தடைகளைக் கூறுவர். மாணவர் தேர்வுக்குப் படிக்கவே நேரம் போதவில்லை. ஏரிக்கரைக்குச் செல்ல நேரமேது என்பர் சிலர். கணக்கு, அறிவியல், தமிழ், புவியியல், வரலாறு ஆகிய ஐந்தும் ஏரிக்கரையில் உள்ளன. நீர்மட்டத்தின் ஏற்றத்தாழ்வைக் கோட்டுப்படமாக வரைவது கணக்கு; கண்டதைத் தெளிவாக எழுதுவது தமிழ்க் கட்டுரை. இவற்றைப் பாடத்திற்கு வெளியே வைத்தால் நேரம் போதாது. பாடத்திற்குள் வைத்தால் நேரம் மிகும்.

மாசுற்ற நீரிற் பிள்ளைகளை இறக்குதல் தீங்காகாதோ என்பது இரண்டாவது தடை. இது நியாயமான அச்சம். தொழிற்சாலைக் கழிவு ஓடும் கால்வாயில் மாணவர் இறங்குதல் கூடவே கூடாது. ஆசிரியரும் பெற்றோரும் உடன்வர, கரையிலிருந்தே நீரை முகந்து, கையுறை அணிந்து ஆய்தல் வேண்டும். குப்பை அள்ளும் வேலையாளாகவும் மாணவரை ஆக்கலாகாது. அவர்கள் அறியவும் அறிவிக்கவும் உரியவர்; கூலியின்றி உழைக்க உரியவர் அல்லர்.

மூன்றாவது தடையே பெரியது. இவ்வட்டாரத்துக் குடும்பங்கள் பல தோல் தொழிலாலும் காலணித் தொழிலாலும் வாழ்கின்றன. தந்தையின் தொழிலைப் பழிக்குமாறு பிள்ளைக்குக் கற்பிப்பதா என்று கேட்பர். அவ்வாறு கற்பித்தல் அறமன்று. தோல் தொழில் பழிக்கத்தக்கதன்று. அதன் கழிவை ஆற்றில் விடும் செயலே பழிக்கத்தக்கது. தொழிலையும் தீங்கையும் பிரித்தறிதலே கல்வி. அத்தொழிலாளரே கழிவாற் பெரிதும் துன்புற்றோர். அவர் வீட்டுக் கிணறே முதலில் உவர்த்தது. மேலும், சென்னை அடையாற்றில் 1948ஆம் ஆண்டு நிறுவப்பட்ட நடுவண் தோல் ஆராய்ச்சி நிலையம், குரோமியம் கொண்டு பதனிடும்போது செலவாகும் நீரையும் வெளியேறும் கழிவையும் குறைக்கும் முறைகளைக் கண்டறிந்து வருகிறது. ஆம்பூரிலோ காட்பாடியிலோ தோல் தொழிலாளியின் மகளாகப் பிறந்த ஒரு பெண், தன் ஊரின் நீரை அளந்து பழகி, பின்னர் அந்நிலையத்திற் பயின்று, ஆற்றைக் கெடுக்காத பதனீட்டு முறையைக் காண்பாளாயின், தந்தையின் தொழிலும் காக்கப்படும், ஆறும் காக்கப்படும்.

மாணவர் பணியால் மட்டும் ஆறு தூயதாகிவிடும் என்று கூறுதலும் பொருந்தாது. சென்னை மாணவர் பல்லாண்டு காத்த ஆமைகள் 2025ஆம் ஆண்டு சனவரியில் நூற்றுக்கணக்கில் இறந்து கரையொதுங்கின. இழுவலைகளிற் சிக்கி மூச்சடைத்து அவை மாண்டன. கரையில் மாணவர் காத்ததைக் கடலில் வலை அழித்தது. அவ்வாறே, ஏரிக்கரையில் மாணவர் காப்பதைத் தொழிற்சாலையின் ஒரு குழாய் அழித்துவிடக்கூடும். சட்டத்தைச் செயற்படுத்தும் கடமை அரசினுடையது. கழிவைத் தூய்மை செய்யும் கடமை தொழில் முதல்வருடையது. அக்கடமைகளைப் பிள்ளைகள் தலையில் ஏற்றிவிட்டுப் பெரியோர் கைகழுவுதல் ஆகாது. ஆயினும், ஆமைகள் மாண்ட செய்தி ஊரெங்கும் பரவி, அரசும் நீதிமன்றமும் வினவும் நிலை வந்தமைக்குக் காரணம் யாது? பல்லாண்டாகக் கரையில் நடந்து, எண்ணி, எழுதி, மக்களுக்குச் சொல்லிவந்தோர் இருந்தமையும் ஒரு காரணமாகும். எண்ணுவார் இல்லாத இடத்தில் இழப்பும் எவர்க்கும் தெரியாமற் போகும். காப்பதற்கு முன் காணுதல் வேண்டும். காணுதற்குக் கண் பழகுதல் வேண்டும். அப்பழக்கத்தைத் தருவதே பள்ளியின் கடமை.

தமிழில் ஆறு என்னும் சொல்லுக்கு நீர் ஓடும் ஆறு என்பது மட்டுமன்றி, வழி என்பதும் பொருளாகும். வழி அறியாதவனை வழியிற் செலுத்துதல் ஆற்றுப்படுத்துதல் எனப்படும். நல்லாசிரியர் மாணவரை ஆற்றுப்படுத்துபவர். பாலாற்றின் கரையில் அமைந்த பள்ளிகளில் அச்சொல்லின் இருபொருளும் ஒன்றாதல் வேண்டும். மாணவரை ஆற்றுக்கு அழைத்துச் செல்வதே அவர்களை நல்வழியிற் செலுத்துவதாகும்.

இன்று ஏரிக்கரையில் நின்று நீரை அளக்கும் மாணவர் நாளை ஊராட்சியில் அமர்வர், தொழிற்சாலை நடத்துவர், பொறியாளராகவும் நீதிபதியாகவும் விளங்குவர். ஒருகாலத்தில் தாம் அளந்து குறித்த நீரைக் கெடுக்கும் தாளில் கையெழுத்திட அவர் கை எளிதில் துணியாது. அத்துணிவின்மையே இக்கல்வியின் பயன். ஆண்டுகள் சில கழிந்து, மணலைத் தோண்டினால் இனிய நீர் சுரக்கும் பாலாறு மீளுமாயின், அதனை மீட்டோர் வரிசையில் பள்ளிப் பிள்ளைகளின் குறிப்பேடும் ஓர் இடம் பெறும்.